எச்சரிக்கை வரவில்லை என்பதற்காகத் திறந்துவிடலாமா?

(கிளைத் தலைவர்கள், தலைவிகள், இளைஞர் அணியினருக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சம்பளத்தையும் வீட்டுக் காணியையும் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் கம்பியூட்டரைப் பற்றிப் பேசவா கூப்பிட்டார்கள் என்று சிலர் முகத்தைச் சுளிப்பது தெரிகிறது. ஆனால் அந்தச் சம்பள வழக்கும் காணிப் பட்டியலும் இன்றைக்கு எங்கே இருக்கின்றன? முந்தி இரும்பு அலுமாரியில் இருந்தன. அலுமாரிக்குப் பூட்டு இருந்தது, சாவி பொருளாளரின் இடுப்பில் இருந்தது. இப்போது அவ்வளவும் கிளைக் காரியாலயத்துக் கம்பியூட்டரில் இருக்கின்றன. அங்கத்தவர் பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம், சேமலாப நிதி இலக்கம், எந்த டிவிஷன், எந்த லயம், யார் சந்தா கட்டுகிறார், யார் இன்னும் கட்டவில்லை, தொழில் நியாய மன்றுக்குப் போன வழக்கில் யார் யார் சாட்சி சொல்ல ஒத்துக்கொண்டார்கள் என்பது வரைக்கும் அதில் இருக்கிறது. இந்தப் பட்டியல் வேறு யாருடைய கையிலாவது கிடைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நாங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்தக் கம்பியூட்டரைப் பாதுகாக்கிறது என்று நாம் எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிற ஒரு விஷயத்தைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறோம். இணையத்தில் இருந்து எடுத்த ஒரு பைலைத் திறக்கும்போது, சில நேரம் நீல நிறத்தில் ஒரு பெட்டி வந்து மறிக்கும். விண்டோஸ் உங்கள் கம்பியூட்டரைப் பாதுகாத்தது என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். வேர்ட் கடிதமாக இருந்தால் மேலே மஞ்சள் பட்டை வரும். கிளைகளில் கேட்டுப்பார்த்தோம். அநேகமானோர் சொன்ன பதில் ஒன்றுதான்: "கெட்ட பைல் என்றால் அது சொல்லும் சேர். ஒன்றும் சொல்லாவிட்டால் நல்ல பைல்."

அது அப்படி இல்லை. எப்படி என்று தெரிந்துகொண்டால் பயமும் இருக்காது, அசட்டையும் இருக்காது.

கொழுந்தை வைத்தே சொல்கிறோம். ஒரு தொழிற்சாலைக்குத் தோட்டத்துச் சொந்தக் கொழுந்தும் போகிறது, வெளியில் விலைக்கு வாங்கிய கொழுந்தும் போகிறது. வெளிக் கொழுந்துச் சாக்கில் மட்டும் ஒரு சீட்டுக் கட்டி அனுப்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வாசலில் இருப்பவர் சீட்டைக் கண்டால் சாக்கை நிறுத்தி, அவிழ்த்து, கையை விட்டுப் பார்ப்பார். சீட்டு இல்லாத சாக்கு, நம்முடைய கொழுந்து என்று நேரே உள்ளே போகும். நடுவழியில் ஒருவர் வெளிக் கொழுந்தை வேறு சாக்கில் கொட்டிவிட்டுச் சீட்டைக் கட்டாமல் விட்டால்? வாசல்காரர் தூங்கவில்லை, அவருடைய வேலையை அவர் ஒழுங்காகத்தான் செய்தார். சீட்டு இல்லை, அவ்வளவுதான்.

விண்டோஸும் இப்படித்தான் நடக்கிறது. இணையத்தில் இருந்து ஒரு பைலை எடுக்கும்போது, நாம் பயன்படுத்துகிற குரோமோ எட்ஜோ அந்தப் பைலோடு கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு குறிப்பைச் சேர்த்து எழுதிவைக்கிறது. அதில் இருப்பது ஒரு இலக்கம். 3 என்று இருந்தால் இணையத்தில் இருந்து வந்தது என்று அர்த்தம். இதற்கு 'மார்க் ஒஃப் த வெப்' என்று பெயர், வலையின் முத்திரை என்று சொல்லலாம். 2004இல் விண்டோஸ் எக்ஸ்பிக்கு வந்த இரண்டாவது பெரிய திருத்தத்தில் இருந்து இந்த வழக்கம் இருக்கிறது. முத்திரை இருந்தால் விண்டோஸ் நிறுத்திக் கேள்வி கேட்கும். முத்திரை இல்லாவிட்டால் இந்தப் பெட்டியிலேயே பிறந்த பைல் என்று நினைத்துத் திறந்துவிடும். வைரஸ் காவல் புரோகிராம் என்பது வேறு விஷயம், அது தனியாகத் தேடும். ஆனால் நேற்றுப் புதிதாகச் செய்த கள்ளப் பைலை அதற்கும் அடையாளம் தெரியாமல் போகலாம். அந்த இடத்தில் நம்மைத் தடுத்து நிறுத்துவது இந்தச் சீட்டு ஒன்றுதான்.

இந்தச் சீட்டு கழன்று விழுந்த கதைதான் 7-ஸிப்பின் கதை.

7-ஸிப் என்றால் இளைஞர் அணிக்குத் தெரியும். ஸிப் பைல்களை அவிழ்க்கிற இலவசப் புரோகிராம். நம்முடைய கம்பியூட்டர்களில் அது எப்படி வந்தது? பாமினி எழுத்துரு ஸிப்பாக வந்தது, விண்ணப்பப் படிவங்கள் ஸிப்பாக வந்தன, மே தினப் படங்கள் ஸிப்பாக வந்தன. யாரோ ஒரு தம்பி எப்போதோ போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு யாரும் அதைத் தொடவில்லை. எந்த வருடத்துப் பதிப்பு என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

ஸிப்பை அவிழ்க்கிறவர், வெளிச் சாக்கில் இருக்கிற சீட்டைப் பார்த்து உள்ளே இருந்து வருகிற ஒவ்வொரு பைலுக்கும் அதே சீட்டைக் கட்ட வேண்டும். 7-ஸிப் அப்படிச் செய்யத் தொடங்கியதே 2022 ஜூனில் வந்த 22.00 பதிப்பில்தான். அதற்கும் பிறகு, 2024 செப்டெம்பரில், ட்ரெண்ட் மைக்ரோ என்ற பாதுகாப்பு நிறுவனத்தைச் சேர்ந்த பீட்டர் கிர்னஸ் என்பவர் அதில் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தார். ஸிப்புக்குள் இன்னொரு ஸிப்பை வைத்து அனுப்பினால், வெளி ஸிப்பின் சீட்டு உள்ளே இருக்கிற ஸிப்பின் பைல்களுக்குப் போய்ச் சேர்வதில்லை. சாக்குக்குள் சாக்கு. உள் சாக்கில் இருந்து எடுத்த பைலைத் திறந்தால் நீலப் பெட்டி வராது. 7-ஸிப்பை எழுதிய இகோர் பவ்லோவுக்கு ஒக்டோபரில் அறிவித்தார்கள். அவர் நவம்பர் கடைசியில் 24.09 பதிப்பில் ஓட்டையை அடைத்தார். இதன் பதிவு இலக்கம் சி.வி.இ-2025-0411.

இதில் நாம் கவனிக்க வேண்டியது, அந்த ஓட்டையைக் கள்ளர்கள் முதலில் கண்டுபிடித்துவிட்டார்கள் என்பதுதான். கிர்னஸ் அதைக் கண்டதே அவர்கள் பாவித்துக்கொண்டிருந்தபோதுதான். எங்கே பாவித்தார்கள்? யுத்தம் நடக்கிற உக்ரேனில். ரஷ்யக் கள்ளக் குழுக்கள் என்பது சந்தேகம். யாருக்கு அனுப்பினார்கள் என்ற பட்டியலைப் பார்த்தபோது எங்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. நீதி அமைச்சு இருக்கிறது, அது எதிர்பார்க்கக்கூடியது. ஆனால் கூடவே கீவ் நகரத்துத் தண்ணீர் விநியோகம், பஸ், ட்ராம் ஓட்டுகிற போக்குவரத்துச் சேவை, ஒரு மருந்தகம், ஒரு வாகனத் தொழிற்சாலை, சின்னச் சின்ன நகர சபைகள். நம்முடைய பிரதேச சபை மாதிரியான இடங்கள். அதற்கு ட்ரெண்ட் மைக்ரோ சொல்கிற காரணம், சின்னக் காரியாலயங்களுக்கு இதைப் பார்த்துக்கொள்ள ஆளும் இல்லை, பணமும் இல்லை. அங்கே புகுந்தால் அந்த வழியாகப் பெரிய காரியாலயத்துக்குள் போகலாம்.

"நம்மிடம் என்ன இருக்கிறது, நம்மை யார் தேடி வரப்போகிறான்" என்று சொல்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். நம்முடைய கிளையில் இருந்து தலைமைக் காரியாலயத்துக்குக் கடிதம் போகிறது. தொழில் திணைக்களத்துக்குப் போகிறது, சட்டத்தரணிக்குப் போகிறது. கிளையின் பெயரில் ஒரு பைல் வந்தால் அவர்கள் சந்தேகப்படாமல் திறப்பார்கள்.

உக்ரேனிலும் அதைத்தான் செய்தார்கள். தெரியாத ஆளிடம் இருந்து கடிதம் வரவில்லை. உண்மையான அரச காரியாலயங்களின் உண்மையான மின்னஞ்சல் கணக்குகளைக் கைப்பற்றி அதில் இருந்தே அனுப்பினார்கள். உள்ளே இருந்த ஸிப்பை வேர்ட் கடிதம் போலக் காட்ட ஒரு தந்திரம் செய்தார்கள். ஆங்கில 'சி' எழுத்தும் ரஷ்ய, உக்ரேனிய மொழிகளில் 'ஸ்' என்று ஒலிக்கிற எழுத்தும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். பைல் பெயரின் கடைசியில் ஆங்கில எழுத்துக்குப் பதிலாக அந்த எழுத்தை வைத்துவிட்டார்கள். கண் அதை வேர்ட் பைல் என்று வாசிக்கும். தமிழிலும் இது நடக்கும். க என்ற எழுத்தையும் ௧ என்ற பழைய தமிழ் ஒன்றையும் பாருங்கள். உ என்பதையும் ௨ என்பதையும் பாருங்கள். எ, ௭. அ, ௮. கரும்பலகையில் எழுதிக் காட்டினால் பிள்ளைகள் மட்டுமல்ல, ஆசிரியர்களும் தடுமாறுவோம். ஆகவே பெயரைப் பார்த்து நம்புவது போதாது.

அந்தப் பைலைத் திறந்தவர்களுக்கு உடனே ஒன்றும் தெரிந்திருக்காது. ஸ்மோக்லோடர் என்ற ஒரு சிறு புரோகிராம் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு அதுதான் கதவைத் திறந்து மற்றக் கள்ளப் புரோகிராம்களைக் கூட்டிவரும்.

ஒரு ஓட்டையை அடைத்துவிட்டார்கள், கதை முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். 2022 டிசெம்பரில் மைக்ரோசொப்ட் இதே நீலப் பெட்டியில் ஒரு ஓட்டையை அடைத்தது. கெட்டுப்போன கையொப்பம் உள்ள பைல் வந்தால் பெட்டி தடுமாறி, ஒன்றும் சொல்லாமல் விட்டுவிடும் என்பதுதான் அந்த ஓட்டை. அடைத்ததோ அந்த ஒரு வகைப் பைலுக்கு மட்டும். உடனே கள்ளர்கள் பைல் வகையை மாற்றிக்கொண்டு வந்தார்கள். மெக்னிபர் என்ற கப்பம் கேட்கும் வைரஸை அந்த வழியாக அனுப்பினார்கள். 2023 மார்ச்சில் மறுபடியும் அடைப்பதற்குள் 100,000க்கு மேற்பட்ட தடவை அந்தப் பைல்கள் பதிவிறக்கப்பட்டதைக் கூகுள் கண்டது. கூரையில் ஒரு தகரத்தை மாற்றினால் அடுத்த மழை பக்கத்துத் தகரத்தில் ஒழுகும் என்பது லயத்தில் இருக்கிற நமக்குத் தெரியாதா?

இனி, எந்தக் கள்ளனும் வராமலே சீட்டு விழுந்துபோகிற ஒரு வழியும் இருக்கிறது. எங்களுக்கு அதுதான் பெரிய கவலை, ஏனென்றால் அது தினமும் நடக்கிறது. பென் டிரைவ். நாம் வாங்குகிற பென் டிரைவ்கள் அநேகமாக ஃபெட்-32 அல்லது எக்ஸ்ஃபெட் என்ற முறையில்தான் வரும். அந்த முறையில் இந்த முத்திரையை எழுத இடமே கிடையாது. டவுனில் கொமியுனிகேஷன் கடையில் இணையத்தில் இருந்து ஒரு படிவத்தை எடுத்து, பென் டிரைவில் போட்டு, காரியாலயத்தில் கொண்டுவந்து செருகினால் அந்தப் பைல் சீட்டு இல்லாமல்தான் வந்து இறங்கும். நீலப் பெட்டியும் வராது, மஞ்சள் பட்டையும் வராது. நம்முடைய கிளைகளுக்குப் பைல்கள் பாதிக்குப் பாதி இப்படித்தான் வருகின்றன. கடைக்காரரைக் குறை சொல்லவில்லை. அவருடைய கம்பியூட்டரில் ஒரு நாளைக்கு எத்தனை பேருடைய பென் டிரைவ் செருகப்படுகிறது என்று எண்ணிப்பாருங்கள்.

சரி, என்ன செய்யலாம்?

முதலில் 7-ஸிப். விண்டோஸ் தன்னைத்தான் புதுப்பித்துக்கொள்ளும், 7-ஸிப்பைத் தொடாது. 7-ஸிப்பும் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளாது. நாம்தான் கையால் செய்ய வேண்டும். அதைத் திறந்து, ஹெல்ப் என்பதில் எபவுட் என்பதை அழுத்தினால் பதிப்பு இலக்கம் தெரியும். 24.09க்குக் கீழே என்றால் அந்த ஓட்டை இன்னும் திறந்தே இருக்கிறது. 24.09க்குப் பிறகும் வேறு ஓட்டைகளை அடைத்திருக்கிறார்கள், ஆகவே இருப்பதில் கடைசிப் பதிப்பைப் போடுங்கள். 7-ஸிப்பின் சொந்தத் தளத்தில் இருந்து மட்டும் எடுங்கள், கூகுளில் மேலே வருகிற விளம்பரத்தை அழுத்தி எடுக்க வேண்டாம். போட்ட பிறகு இன்னொரு வேலை இருக்கிறது, இதை அநேகர் விட்டுவிடுகிறார்கள். டூல்ஸ், ஒப்ஷன்ஸ் என்று போய், 7-ஸிப் என்ற பக்கத்தில் 'ப்ரொபகேட் ஸோன் ஐடி ஸ்ட்ரீம்' என்று ஒரு வரி இருக்கும். சீட்டைக் கட்டு என்பதுதான் அதன் அர்த்தம். 'நோ' என்று இருந்தால் 'யெஸ்' என்று மாற்றுங்கள். புதிய பதிப்பைப் போட்டுவிட்டு இதை 'நோ'வில் விட்டால் போட்டும் பிரயோசனம் இல்லை. இவ்வளவு தொல்லை எதற்கு என்றால் 7-ஸிப்பைக் கழற்றிவிடுங்கள். சாதாரண ஸிப்பை விண்டோஸே அவிழ்க்கும், சீட்டையும் கட்டும். வின்ரார் வைத்திருப்பவர்களும் பதிப்பைப் பாருங்கள். அதிலும் 2025இல் இதே மாதிரி ஓட்டை ஒன்றை 7.11 பதிப்பில் அடைத்தார்கள்.

விண்டோஸ் 10 வைத்திருக்கிற கிளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு அதற்கு வழமையான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. 11க்கு மாற்ற முடியாத பழைய கம்பியூட்டர் என்றால் அதை எழுதுவதற்கும் அச்சடிப்பதற்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், இணையத்தில் மாட்ட வேண்டாம். புதியது வாங்கப் பணம் எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மேசைக்கும் கதிரைக்கும் சந்தாப் பணத்தில் ஒதுக்குகிறோம், அங்கத்தவர் பட்டியலைக் காக்கிறதற்கும் ஒதுக்கத்தான் வேண்டும். அடுத்த செயற்குழுவில் இதை நாங்கள் எழுப்புவோம், நீங்கள் கையைத் தூக்க வேண்டும்.

விண்டோஸ் பைல் பெயரின் வாலை மறைத்துவைக்கும் பழக்கம் உள்ளது. 'சம்பள அட்டவணை பிடிஎஃப்' என்று கண்ணுக்குத் தெரியும், மறைந்திருக்கிற கடைசி வால் 'ஈ-எக்ஸ்-ஈ' என்று இருக்கும். அது கடிதம் இல்லை, ஓடுகிற புரோகிராம். வியூ என்பதில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதற்குச் சரி போட்டுவிட்டால் வால் தெரியும். ஒரு நிமிட வேலை.

தெரிந்தவர் அனுப்பினாலும், எதிர்பார்க்காத ஸிப் என்றால் போன் எடுத்துக் கேளுங்கள். அதே மெசேஜுக்குப் பதில் எழுதிக் கேட்க வேண்டாம். கணக்கு கள்ளன் கையில் இருந்தால் பதில் சொல்வதும் கள்ளன்தான். குரலைக் கேளுங்கள். "அண்ணே, வட்ஸ்அப்பில் ஒரு ஸிப் அனுப்பினீங்களா?" என்று கேட்பதில் யாருக்கும் மரியாதைக் குறைவு இல்லை. 2024இல் 1,700 ரூபாய்ச் சம்பள வர்த்தமானி வந்த நாட்களில் எத்தனை பிரதிகள் போனுக்குப் போன் ஓடின என்று நினைத்துப்பாருங்கள். யார் அனுப்பினார் என்று யாராவது கேட்டோமா? சம்பளம் என்ற சொல் இருந்தால் நாம் திறப்போம். இது நமக்கு மட்டுமல்ல, நம்மைக் குறிவைக்கிறவனுக்கும் தெரியும்.

வீட்டில் இருக்கிற போனைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கம்பியூட்டர் இல்லாத வீட்டிலும் அது இருக்கிறது. வெளிநாட்டில் இருந்து மகள் அனுப்புகிற பணம் அந்தப் போனில்தான் தெரிகிறது. அஸ்வெசும பெயரிலும் வீட்டுத்திட்டத்தின் பெயரிலும் வங்கியின் பெயரிலும் வட்ஸ்அப்பில் ஒரு 'எப்' பைல் வந்தால், அன்ட்ரொய்ட் முதல் தடவை கேட்கும்: இந்த வழியாக வருவதை நிறுவ அனுமதிக்கிறீர்களா என்று. ஒரு தடவை ஆம் என்று சொல்லிவிட்டால், அதே வழியாக அடுத்தது வரும்போது அந்தக் கேள்வி திரும்பி வராது. இங்கேயும் அதே கதைதான். பிள்ளைகள் விளையாட்டு ஒன்றைப் போடுவதற்காக எப்போதோ ஆம் என்று அழுத்தியிருக்கலாம். செட்டிங்ஸில் 'இன்ஸ்டோல் அன்னோன் எப்ஸ்' என்று தேடிப் பார்த்து, வட்ஸ்அப்புக்கும் குரோமுக்கும் அனுமதி இருந்தால் எடுத்துவிடுங்கள். அம்மாமாரின் போனை இளைஞர் அணிப் பிள்ளைகள் வாங்கிப் பார்த்துக் கொடுக்கலாம்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒருநாள் யாராவது ஒரு பைலைத் திறந்துவிடுவார்கள். அன்றைக்கு நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதில்தான் மிச்சம் இருக்கிறது. வைபையை நிறுத்துங்கள், வயர் என்றால் கழற்றுங்கள். அழித்துப் பார்ப்பது, திரும்பத் திறந்து பார்ப்பது ஒன்றும் வேண்டாம். மாவட்டக் காரியாலயத்துக்குச் சொல்லுங்கள். இலங்கைக் கணினி அவசரப் பிரிவான சேர்ட் நிறுவனத்தை 101 என்ற இலக்கத்தில் கூப்பிடலாம். மின்னஞ்சல் கடவுச்சொல்லை வேறொரு போனில் இருந்து மாற்றுங்கள். அங்கத்தவர் பட்டியலின் ஒரு பிரதி வேறு டிரைவில், கம்பியூட்டரில் செருகாமல், அந்தப் பழைய இரும்பு அலுமாரிக்குள் இருக்கட்டும். வாரம் ஒரு தடவை எடுத்துப் பிரதி பண்ணிவிட்டுத் திரும்பப் பூட்டுங்கள்.

திறந்தவரைத் திட்ட வேண்டாம். தொழிற்சாலையில் மெஷினுக்குக் காவல் தகடு இல்லாமல் கை அகப்பட்டால், தொழிலாளி கவனமாக இருக்கவில்லை என்று எழுதப் பார்ப்பார்கள். நாம் விடுவோமா? தகடு எங்கே என்றுதானே கேட்போம். இங்கேயும் தகடு கழன்றிருந்தது. காரியாலயத்தில் இருக்கிற தங்கச்சி, திட்டுவார்கள் என்று பயந்து இரண்டு நாள் சொல்லாமல் இருந்தால், கள்ளனுக்கு இரண்டு நாள் கிடைக்கும். பத்து நிமிடத்தில் சொன்னால் அநேகமாகக் காப்பாற்றிவிடலாம்.

ஒரு அக்கா கையைத் தூக்குகிறார். பென் டிரைவே பாவிக்கக் கூடாதா என்கிறார். பாவிக்கலாம் அக்கா. கடைக்குக் கொண்டுபோக ஒன்று, காரியாலயத்துக்கு ஒன்று என்று இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள். படிவத்தைக் கடையில் எடுப்பதைவிட, கடைக்காரரைக் காரியாலய மின்னஞ்சலுக்கே அனுப்பச் சொல்லுங்கள். மின்னஞ்சலில் இருந்து இறக்கினால் சீட்டோடு வரும். பைலின் மேல் வலது பக்க பட்டனை அழுத்தி ப்ரொப்பர்டீஸைப் பார்த்தால், கீழே 'அன்புளொக்' என்று ஒரு கட்டம் இருக்கும். அது இருந்தால் சீட்டு இருக்கிறது.

புதுப்பிக்க டேட்டா செலவாகும் என்பதும் தெரியும். ஆகவே வைபை உள்ள கிளைகளில் முதலில் செய்வோம். மற்றக் கிளைகளுக்கு இளைஞர் அணியில் இரண்டு பேர் நேரில் வருவார்கள். அதற்கு முன், அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒரு துண்டுக் கடதாசியில் மூன்று விஷயம் எழுதிக்கொண்டு வாருங்கள்: கிளையில் எத்தனை கம்பியூட்டர், என்ன விண்டோஸ், 7-ஸிப் எத்தனையாம் பதிப்பு. கடதாசியை வாசலில் இளைஞர் அணிச் செயலாளரிடம் கொடுத்துவிட்டு உள்ளே வரலாம்.